அடைத்ததாக நினைவிருக்கும் மதகு

பெங்களூரு,
14.7.2025

அண்ணா,

நீ என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு ஒன்பது நாள். அண்ணி போனில் கூப்பிட்டால், "அவங்க வயலுக்குப் போயிருக்காங்க நிலா" என்கிறார். பின்னால் நீ இருமுவது இங்கே கேட்கிறது. தபால்காரரை உன்னால் பிளாக் செய்ய முடியாது என்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன்.

அன்று நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அன்னிக்குச் சாயங்காலம் நீ கஞ்சா இழுத்திருந்தியா?" நீ தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாய். "ஊருக்கு வந்த அன்னிக்கே அண்ணன்கிட்ட இதையா கேப்பே" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். கேட்ட விதம் தப்பு, மன்னித்துக்கொள். கேள்வி தப்பில்லை.

எனக்குத் தெரிந்தவரை நடந்ததை எழுதுகிறேன். பிசகு இருந்தால் திருத்து. ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம் நம் வாய்க்காலில் உன் முறை. தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற முருகையன் மாமாவிடம் ஷட்டர் கைப்பிடியை வாங்கிப் போய் மதகைத் திறந்தாய். முறை முடிந்ததும் அடைத்துவிட்டுக் கைப்பிடியை மாமாவின் கொட்டகையில் மாட்டவேண்டும். விடிந்து பார்த்தால் மதகு முழுசாகத் திறந்து கிடந்தது, கைப்பிடி அதிலேயே மாட்டியிருந்தது. தாழக் கிடக்கும் ராசம்மாள் அக்காவின் நாற்றங்காலில் முழங்கால் தண்ணீர். மூன்று நாள் முன்னால் தெளித்த முளை விதை அத்தனையும் அழுகிப்போயிற்று. நான் அடைத்தேன், கைப்பிடியையும் மாட்டினேன் என்றாய் நீ. கைப்பிடி கொட்டகைக்கு வரவேயில்லை, அன்பு மறந்திருப்பான் என்றார் மாமா. நீ கத்தினாய். புதன்கிழமை பிடாரி கோயிலில் ஊர் கூடியது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, அடைத்தது நிஜம் என்று சத்தியம் செய்தாய். அதோடு மாமாவின் இருபத்தாறு வருஷத் தண்ணீர் வேலை போயிற்று. ஒரு வாரத்தில் ஊரையும் விட்டுவிட்டார்.

மாமா பொய் சொல்கிற ஆள் இல்லை. நீயும் இல்லை. அப்படியானால் இரண்டு பேரில் ஒருவருடைய ஞாபகம்தான் பொய் சொல்கிறது. நான் தினமும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பது இந்த விஷயத்தைத்தான் என்பதால் கேட்டேன். உன்னைக் கேவலப்படுத்த இல்லை.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

நிலா


நடுவக்குடி,
22.7.2025

தங்கச்சி தமிழ்நிலாவுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று, "பெங்களூர்லேந்து தங்கச்சி லெட்டர்" என்று தெருவுக்கே சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். இந்தக் காலத்தில் எவன் வீட்டுக்கு லெட்டர் வருகிறது. கோர்ட் நோட்டீஸோ என்று நாலு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

எலியை அறுத்து அறுத்துப் பார்த்த கை, இப்போது அண்ணனை அறுக்க வந்துவிட்டது. சரி, ஒளிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆமாம், இழுக்கிறேன். டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு இரண்டு வருஷமாக. லோடு லாரிக்காரன் ஒருத்தன் கொடுத்தான். பொழுது சாய்ந்தால் மோட்டார் கொட்டகையில் ஒன்று. வலி குறைகிறது, தூக்கம் வருகிறது. யாரையும் அடிக்கவில்லை, எவன் வீட்டிலும் போய் விழவில்லை. உன் அண்ணி பூவிழிக்கே தெரியாது.

ஆனால் ஞாபகம் போய்விட்டது என்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உன் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் நம்பரைச் சொல்லட்டுமா? கஜா புயலுக்கு முந்தின நாள் நம் வயலில் எத்தனை பேர் நடவு நட்டார்கள், யார் யார் என்று சொல்லட்டுமா? அந்தச் சாயங்காலமும் கண் முன்னால் அப்படியே இருக்கிறது. நான் கைப்பிடியைச் சுற்றுகிறேன். எழில் கரையில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டு, "ஏம்ப்பா தண்ணிய நிறுத்துற, ஓடட்டும்ப்பா" என்கிறாள். ஷட்டர் அடியில் போய் உட்கார்கிற சத்தம்கூடக் காதில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு?

இன்னொன்றும் சொல்கிறேன். நம்ம அப்பா சாமிதுரை அந்தக் கோயிலுக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பஞ்சாயத்து கேட்டார். அவர் சொல்லை ஒருநாளும் எவனும் சாட்சியாக எடுத்ததில்லை. கூலியாள் சொல் அது. அதே இடத்தில் என் சத்தியத்தை எடுத்துக்கொண்டார்கள். மேலத்தெரு தியாகேசன் எழுந்து, "அன்பரசன் சூடம் அணைச்சுட்டான், இத்தோட பேச்சு முடிஞ்சுது" என்று சொன்னார். அப்பா இருந்து பார்த்திருக்கவேண்டும் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். அதைத்தான் நீ கலைக்கப் பார்க்கிறாய்.

இனிமேல் எழுதாதே. எழுதினால் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது, உன் கையெழுத்து டாக்டர் கையெழுத்து மாதிரி இருக்கிறது.

அன்பரசன்


பெங்களூரு,
30.7.2025

அண்ணா,

பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன்.

முதலில் என் தப்பு. பொங்கலுக்கு வந்தபோது மோட்டார் கொட்டகையில் பொட்டலத்தை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டு வந்தேன். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிற அரங்கத்தில் கஞ்சாவும் ஞாபகமும் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறவள், உன்னிடம் ஒரு வார்த்தை பேசப் பயந்தேன். நீ கோபித்துக்கொள்வாய் என்று. அப்போதே பேசியிருந்தால் மாமா ஊரில் இருந்திருப்பார்.

இப்போது நான் சொல்வதை அவசரப்படாமல் படி. மூளையில் காதுக்கு உள்பக்கமாகக் கடல்குதிரை வடிவத்தில் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. இன்று நடப்பதை நாளைக்கு ஞாபகமாக மாற்றுவது அதன் வேலை. அங்கே ஒரு செல் அடுத்த செல்லுக்குச் சேதி அனுப்புகிறது. மேல்மடையிலிருந்து கீழ்மடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள். கீழே உள்ள செல் தனக்குப் போதும் என்றால், மேலே உள்ளதற்கு ஒரு துளி ரசாயனத்தை அனுப்பி, 'போதும், நிறுத்து' என்கிறது. அந்தத் துளியை மூளையே செய்துகொள்கிறது. தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நொடியில் மட்டும் செய்து, வேலை முடிந்ததும் அழித்தும்விடுகிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே அதற்குப் பெயர் சூட்டினார்கள். எட்டு வருஷமாக இதைப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. எவ்வளவு கச்சிதமான முறைப்பாசனம் தெரியுமா, ஒரு சண்டை கிடையாது.

கஞ்சாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. எல்லாம் ஒன்று இல்லை. சி.பி.டி. என்று ஒன்று, அதில் போதையே கிடையாது. போதை தருவது டி.எச்.சி. என்பது. அது அந்த 'போதும்' துளி உட்காரவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஓரிடத்தில் இல்லை, எல்லா இடத்திலும். சீக்கிரம் எழுந்திருக்கவும் மாட்டேன் என்கிறது. எல்லா மடையிலும் ஒரே நேரத்தில் 'போதும், போதும்' என்றால் கடைமடைக்கு என்ன வந்து சேரும்? அந்த நேரத்தில் நடப்பது ஞாபகமாகப் பதியாமலே போய்விடுகிறது. பழையதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதனால்தான் என் ஹால் டிக்கெட் நம்பரை உன்னால் சொல்ல முடிகிறது. அதை வைத்து அந்தச் சாயங்காலத்துக்குச் சான்றிதழ் கொடுக்காதே.

இதில் மோசமானது ஒன்று. ஒரு பரிசோதனையில் ஆட்களுக்கு வரிசையாக வார்த்தைகளைக் காட்டினார்கள். டி.எச்.சி. கொடுக்கப்பட்டவர்கள், காட்டாத வார்த்தையைக்கூட 'பார்த்தேன்' என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை அண்ணா. பதியாமல் போன இடத்தில் மூளை பழைய ஞாபகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. நீ அந்த மதகை ஆயிரம் தடவை அடைத்திருக்கிறாய்.

நிறுத்திவிடு என்று கெஞ்சுகிறேன். நிறுத்தி இரண்டே நாளில் மூளை தன் இடத்தை மீட்க ஆரம்பிக்கிறது, ஒரு மாதத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வருகிறது என்று ஸ்கேன் எடுத்தே பார்த்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பதினைந்து வயதில் ஆரம்பித்தவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. நீ முப்பத்தாறில் ஆரம்பித்தாய். இடுப்புக்குத் தஞ்சாவூரில் நல்ல டாக்டரிடம் நேரம் வாங்கித் தருகிறேன்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்க்காமல் அழுதேன். அதைக் கலைக்க எனக்கு ஆசை இல்லை.

நிலா


நடுவக்குடி,
20.8.2025

நிலாவுக்கு,

உன் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். முதல் தடவை கிழிக்கலாம் என்றுதான் எடுத்தேன். முறைப்பாசனம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். என்னத்தைச் சொன்னால் இவன் கேட்பான் என்று தெரிந்து வைத்துக்கொண்டு எழுதுகிறாய், கெட்டிக்காரி.

ஆடிப்பெருக்கு அன்று பொட்டலத்தை ஆற்றில் விட்டேன். பெண்கள் காதோலை கருகமணி விடுகிற படித்துறையில் நான் இதை விட்டேன். காவேரிக்குக் கோபம் வராது என்று நினைக்கிறேன். இன்றோடு பதினேழு நாள். முதல் பத்து நாள் நரகம். தூக்கம் கிடையாது, சோறு இறங்கவில்லை, பூவிழி காபியில் சர்க்கரை குறைந்ததற்கு டம்ளரை வீசினேன். கனவு வேறு. சினிமா ஸ்கோப்பில் கனவு. உண்மையைப் பூவிழியிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்கு வாசனை தெரியாதுன்னு நெனச்சீங்களா" என்றாள். தெரிந்துதான் இருந்திருக்கிறாள்.

உன் நம்பரை விடுவித்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுது. போனில் நீ பேசினால் பேசும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் பாதி எங்கேயோ போய்விடுகிறது. காகிதம் என்றால் மறுபடி எடுத்துப் படிக்கலாம். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, என்றாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

இன்னொன்று. பக்கத்து வயல் ராஜ்குமார் போனில் எதையோ காட்டினான். கிழட்டு எலிக்குக் கஞ்சாச் சத்து கொஞ்சூண்டு கொடுத்தால் ஞாபகம் திரும்புகிறதாமே. இதை ஏன் நீ சொல்லவில்லை? உங்கள் ஆராய்ச்சியில் சௌகரியமானதை மட்டும்தான் சொல்வீர்களா?

விளையாட்டுக்குக் கேட்டேன். நிஜமாகக் கேட்க வேண்டியது வேறு. தலை தெளிந்துகொண்டே வருகிறது. நேற்று உரம் எத்தனை மூட்டை இறக்கினேன் என்று யோசிக்காமலே சொன்னேன். அப்படியென்றால் அந்த ஜூன் மாதச் சாயங்காலமும் தெளிந்து வருமா? ஒரு மாதம் முடிந்ததும் அது தானாக வந்துவிடும் என்றால் நான் காத்திருக்கிறேன். நான் அடைத்தேனா இல்லையா என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

அன்பரசன்


பெங்களூரு,
27.8.2025

அண்ணா,

ஆற்றில் விட்டேன் என்ற வரியை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "தண்ணி கெட்டுப்போயிருக்குமே" என்றார். அவ்வளவுதான் அம்மா.

பதினேழு நாள் என்று நீ எழுதியிருப்பதை என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். நான் எலிகளிடம் பார்ப்பதை நீ உன் உடம்பில் செய்து காட்டுகிறாய். இங்கே பரிசோதனைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் பத்தாவது நாளில் ஓடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இதை நேரில் சொன்னால் நீ கிண்டல் செய்வாய், அதனால் எழுதுகிறேன்.

கிழட்டு எலிச் சமாச்சாரம் நிஜம். மிகக் குறைந்த அளவு, வயதான எலி. இளம் எலிக்கு அதே அளவு கெடுதல் செய்தது. நீ எலியும் இல்லை, கிழவனும் இல்லை, ராஜ்குமார் டாக்டரும் இல்லை.

நீ நிஜமாகக் கேட்டதற்கு வருகிறேன். வராது அண்ணா. ஒளிந்துகொண்ட ஞாபகம் என்றால் தேடலாம். அது பதியவே இல்லை. நீ என்னதான் சுத்தமாக இருந்தாலும் அந்தச் சாயங்காலம் திரும்பி வராது. நல்ல வார்த்தையாக ஒன்று எழுதலாம் என்று மூன்று காகிதம் கிழித்தேன், முடியவில்லை.

ஒன்று செய்யலாம். அந்தச் சாயங்காலம் என்று உன் தலையில் இருக்கிறதை எல்லாம் ஒரு நோட்டில் எழுது. வெயிலா, மேகமா, என்ன சட்டை, யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள், எல்லாம். யாரிடமும் கேட்டுக்கொண்டு எழுதாதே. எழுதி முடித்த பிறகு ஒவ்வொன்றையும் உன் தலைக்கு வெளியே இருக்கிற ஒன்றோடு ஒத்துப் பார். சரியாக இருந்தால் நான் ஊர் நடுவில் உன் காலில் விழுகிறேன்.

நிலா


நடுவக்குடி,
12.9.2025

நிலாவுக்கு,

காலில் விழ வேண்டியதில்லை.

நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நீலச் சட்டை, மேற்கே மேகம், எழில், பொரி, அவள் கேட்டது, ஷட்டர் உட்கார்ந்த சத்தம். எழுதிவிட்டு எழிலைக் கூப்பிட்டேன். "பாப்பா, அன்னிக்குச் சனிக்கிழமை அப்பா மதகை அடைச்சப்ப நீ கரையில உக்காந்திருந்தியே, என்ன சொன்னே?" என்று கேட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. "நான் ஊர்லயே இல்லப்பா. காதுகுத்துக்குப் போயிருந்தோம்ல" என்றாள்.

பூவிழி போனை எடுத்துக் காட்டினாள். ஜூன் 28, சாயங்காலம் ஐந்து நாற்பது. ஒரத்தநாட்டில் என் மச்சான் வீட்டு மாடியில், புதுப் பாவாடையோடு எழில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். வெள்ளிக்கிழமையே அம்மாவும் மகளும் கிளம்பிப் போய், திங்கள்கிழமைதான் வந்தார்கள். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, காலை நேரம் என்பதால்.

நான் சூடம் அணைத்தது வேறொரு நாளைக்கு. எழிலோடு நான் மதகை அடைத்த அந்த நாள் நிஜம். அது ஜூன் 28 இல்லை. அந்த ஜூன் 28 எனக்குள் எங்கேயுமே இல்லை நிலா. இல்லாத இடத்தைக் கையால் துழாவிப் பார்த்தேன். ஒரு மனுஷனுக்குத் தன் தலையைப் பார்த்தே பயம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பயத்தோடு ஓர் ஆச்சரியமும் வந்தது என்றால் நீ நம்புவாய். எவ்வளவு அழகாக ஒட்டுப் போட்டிருக்கிறது பார், தையல்கூடத் தெரியவில்லை.

பூவிழி வேண்டாம் என்கிறாள். "பொய்ச் சத்தியம்னு ஆயிட்டா புள்ளைக்குத்தான் ஆவும். வாயத் தொறக்காதீங்க" என்று எழிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறாள். அம்மா வேறு மாதிரி சொல்கிறார். "உங்கப்பனுக்குக் கிடைக்காத பேரு உனக்குக் கெடச்சுது. அதைக் கொண்டுபோய் நீயே குப்பையில போடுவியா?" இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. ராத்திரி படுத்தால் முருகையன் மாமா முகம்தான். அவர் அன்று கோயிலில் ஒரே ஒரு தடவைதான், "கைப்பிடி வரலப்பா" என்றார். நான் சூடத்தை அணைத்த பிறகு ஒன்றுமே பேசவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஏன் பேசவில்லை என்று இப்போது குடைகிறது.

அன்பரசன்


பெங்களூரு,
18.9.2025

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் எழுதி வைத்திருந்த பாதிக் கட்டுரையை மூடிவிட்டேன். ஒட்டு, தையல் என்று நீ எழுதியதை அதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது.

அண்ணி பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. நீ தனியாக நிற்க வேண்டாம். எங்கள் ஆய்வுக்கூடத்தின் முத்திரைக் காகிதத்தில் நானே எழுதித் தருகிறேன். இது மூளையில் நடக்கிற விஷயம், அன்பரசன் தெரிந்து செய்த பொய் இல்லை என்று. நானே வந்து படிக்கவும் செய்கிறேன். ஊர் கூடுகிற அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் போடட்டுமா?

நிலா


நடுவக்குடி,
25.9.2025

நிலாவுக்கு,

டிக்கெட் போடாதே. முத்திரைக் காகிதமும் வேண்டாம்.

நீ சொல்வது எல்லாம் உண்மைதான். ஆனால் அதை நான் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு போய் நின்றால், என் மூளை செய்தது, நான் செய்யவில்லை என்று ஆகிவிடும். பொட்டலத்தைப் பிரித்தது மூளை இல்லை, இந்தக் கை. சூடத்தை அணைத்ததும் இதே கைதான்.

குறுவை அறுப்பு முடிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன்.

அன்பரசன்


நடுவக்குடி,
9.10.2025

என் தங்கச்சி நிலாவுக்கு,

இது கொஞ்சம் நீளமாக இருக்கும். இப்போதெல்லாம் நடந்ததைச் சுடச்சுட எழுதி வைத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிடாரி கோயிலில் ஊர் கூடியது. பூசாரியிடம் இன்னொரு தடவை சூடம் ஏற்றச் சொன்னேன். "அணைச்ச சத்தியத்தைத் திருப்பி வாங்குற வழக்கம் இல்லப்பா" என்றார். சரி, சூடம் இல்லாமலே சொல்கிறேன் என்றேன். "அன்னிக்கு நான் பொய் சொல்லல. ஆனா நான் சொன்னது உண்மையில்ல." ஒருத்தனுக்கும் புரியவில்லை. பிறகு இடுப்பு வலியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சா என்ற வார்த்தை வந்ததும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எழில் போட்டோவைக் காட்டினேன். கையிலிருந்து கைக்குப் போயிற்று.

தியாகேசன்தான் பேசினார். "உன் சொல்லை நம்பி ஒரு மனுஷனை அனுப்பியாச்சேப்பா. இனிமே உன் சொல்லை எப்படி எடுத்துக்கிறது?"

"எடுத்துக்காதீங்க" என்றேன். "என் முறை முடிஞ்சதும் அடைச்ச மதகை போட்டோ எடுத்து குரூப்ல போடுறேன். அதைப் பாருங்க." யாரோ சிரித்தார்கள். அப்படியென்றால் எல்லாரும் போடுவோம் என்று ராஜ்குமார் சொன்னான். இப்போது தினம் சாயங்காலம் வாய்க்கால் குரூப்பில் மதகு மதகாக வந்து விழுகிறது. குட் மார்னிங் பூவைவிட அது எவ்வளவோ தேவலை.

கூட்டம் கலைந்ததும் ராசம்மாள் அக்கா என் கிட்டே வந்தார். நாற்று போனதற்குத் திட்டப்போகிறார் என்று நின்றேன். "நாத்து போனது போவட்டும். சம்பாவுக்கு வெதச்சுட்டேன். அந்த மனுஷன் ஊரைவிட்டுப் போறப்ப எதுக்க வந்தாரு. நான் அவரு மூஞ்சிக்கு நேரா காறித் துப்புனேன். அதுக்கு நான் எந்தச் சூடத்தை அணைக்கிறது, சொல்லு" என்றார்.

செவ்வாய்க்கிழமை அதிராம்பட்டினம் போனேன். மூஸா என்பவரின் இறால் பண்ணையில் மாமா வேலை பார்க்கிறார். அங்கேயும் ஷட்டர் வேலைதான், குளத்துக்குக் கடல் தண்ணீர் விட்டு அடைப்பது. மூஸா நல்ல மனிதர். "முருகையனா, தங்கமான ஆளு. ஆனா ஒரு வினோதம். அடைச்ச ஷட்டரைப் போய் அஞ்சு தடவை பாக்குறாரு" என்றார். மாமா தங்கியிருக்கிற தகரக் கொட்டகைக்குள் போனேன். சுவர் பூராவும் சாக்பீஸ் கோடு. அடைக்கிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் காலில் விழுந்துவிட்டேன். "மாமா, நீங்க இல்ல. நான்தான் அடைக்காம விட்டேன்" என்றேன்.

அவர் என்னைத் தூக்கிவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இல்லப்பா. நான்தான். எனக்கே ஞாபகம் இருக்கு. நீ கைப்பிடிய மாட்டிட்டுப் போன பெறவு, கீழ் வயலுக்குத் தண்ணி பத்தலன்னு நான் போயித் தொறந்தேன். அப்பறம் அடைக்க மறந்துட்டேன்."

நிலா, அந்த மனுஷன் வாழ்நாளில் ஒரு பீடிகூடக் குடித்ததில்லை.

அவரே சொன்னார். "நீ சூடம் அணைச்சதும் வீட்டுக்குப் போயி யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். அன்பு பொய் சொல்ற புள்ள இல்ல. அப்ப நான்தானே விட்டிருக்கணும். ஒரு வாரத்துல ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. எங்கப்பாவுக்கு அறுபது வயசுல சித்தம் கலங்கிப்போச்சு. சோறு தின்னதை மறந்துட்டு மறுபடி கேப்பாரு. எனக்கும் ஆரம்பிச்சுருச்சுன்னு நெனச்சேன். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. ஊர்ல இன்னொருத்தன் நாத்தைக் கெடுத்துடுவேனோன்னுதான் கெளம்பி வந்துட்டேன்."

அவர் அன்று ஏன் பேசவில்லை என்பதற்கு இதுதான் பதில். ஊர் அவரை அனுப்பியதாக நாம் நினைத்தோம். அவர் தன்னை நம்பாமல் தானே போயிருக்கிறார். என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த ஒரே ஆள் அவர்தான். நான் எங்கே அதைத் தேடிக்கொண்டிருந்தேன் பார்.

போட்டோவைக் காட்டினேன். உன் கடிதங்களையும் கொண்டுபோயிருந்தேன், எடுத்துப் படித்துக் காட்டினேன். மடை, கடைமடை, 'போதும்' என்கிற துளி எல்லாவற்றையும் அசையாமல் கேட்டார். "இவ்வளவும் நம்ம மண்டைக்குள்ள நடக்குதா" என்றார். உன்னைப் பற்றி, "அந்தப் புள்ள இதையெல்லாமா படிக்குது" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப என் தலை நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு மாமா. அன்னிக்குக் கைப்பிடி கொட்டகைக்கு வரல. நீங்க சொன்னதுதான் சரி."

தலையைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மூஸா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டீ வாங்கி அனுப்பினார். அன்றே மாமாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பட்டுக்கோட்டை தாண்டியதும், "அதை இன்னொரு தடவை சொல்லுப்பா" என்றார். சொன்னேன். மன்னார்குடியில் பஸ் மாறினோம், மறுபடி கேட்டார். நாம் இறங்குகிற வலங்கைமான் வந்து சேர்வதற்குள் ஐந்து தடவை சொல்லிவிட்டேன்.

அன்பரசன்